கைச்சுற்று பதினொன்றரை

காலை ஆறு மணியானால் அந்த வீட்டில் ஒரு மனிதரை எடை போட்டாக வேண்டும். நிறுப்பவரும் அவரே, நிறுக்கப்படுகிறவரும் அவரே. கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல், தினமும் அதே நீல அரைக்கால் சட்டையோடு தராசுக்காரர் தராசில் ஏறுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தையல் மிஷின் மேல் வைத்துவிடுவார். அரைக்கால் சட்டை நூற்று எண்பது கிராம். அதையும் ஒருநாள் தனியாக நிறுத்து வைத்திருக்கிறார். ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது என்பதால் படிக்கிற வேலை மட்டும் மனைவிக்கு.

"எழுபத்திரண்டு ஐந்நூத்தி எண்பது."

"சட்டையக் கழி."

"எழுபத்திரண்டு நானூறு."

"பாத்தியா. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

அவள் அதைச் சுவரில் குத்தியிருந்த அட்டையில் எழுதுவாள். சட்டைக்கு அளவு வெட்டிய அட்டையின் பின்பக்கம் அது. பத்து மாதமாக அந்த எண் ஐம்பது, நூறு கிராமுக்கு மேல் இப்படியும் அப்படியும் போனதில்லை.

எழுதி முடித்ததும் பச்சை பாட்டில். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அதை அவள் கழுத்துவரை நிரப்பி மேஜையில் வைத்துவிடுவாள். அன்றைக்கு அவர் உடம்புக்குள் போகலாம் என்று அனுமதித்த ஈரம் முழுவதும் அதுதான். தண்ணீர் மட்டுமல்ல, தேநீர், சூப்பு, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்து ஜன்னலோரத் துளசித் தொட்டிக்கு ஊற்றிவிடுவாள். அதனால் எந்த நேரம் பாட்டிலைப் பார்த்தாலும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு அவளுடையது. மருத்துவமனை நர்ஸம்மா இதைக் கேட்டுவிட்டு மற்ற நோயாளிகளுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது அவர் இதயத்தின் தசையைத் தளர்த்திவிட்டுப் போயிற்று. "இதயம் ஒரு பம்பு. உங்க பம்பு மூணுல ஒரு பங்குதான் தள்ளுது" என்று டாக்டர் சொன்னதும் தராசுக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிஷின் வேலை பார்க்கிறவர். பம்பு முன்னால் தள்ளாவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கும். முதலில் காலில், அப்புறம் வயிற்றில், கடைசியில் நுரையீரலில். நுரையீரலில் தேங்கிய அன்றைக்கு அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் கட்டிலில் இருந்தார். வெளியே விடும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா எங்களால எவ்வளவு முடியும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த நோய் போகிற நோய் இல்லை, கூட வைத்துக் குடும்பம் நடத்த வேண்டிய நோய் என்று நர்ஸம்மாதான் புரியவைத்தார். உப்பைக் குறை, தண்ணீரை அள, மாத்திரையை மறக்காதே, தினமும் எடை பார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உடம்பில் நீர் தேங்கினால் வீக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு எடை மிஷின் வாங்கி வையுங்கள் என்று அவர் சொன்னபோது தராசுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"குளியலறைல போடுற பலகையா? அது தராசு இல்லம்மா. ஒரு பக்கம் சாஞ்சு நின்னா ஒரு எண்ணு, நிமிந்து நின்னா ஒரு எண்ணு."

"பின்ன எதுல பாப்பீங்க?"

"என்னைப் போய் கேக்கறீங்களே" என்றார்.

ஊரில் எந்தத் தராசு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கறிக்கடை, இரும்புக் கடை, தானியக் கிடங்கு, பார்சல் அலுவலகம், லாரியோடு சேர்த்து நிறுக்கிற பெரிய எடைமேடை வரை எல்லாம் அவர் கைபட்டதுதான். பார்சல் அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு மேடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டு, ஒரு வாரத்தில் இருபது கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும் அளவுக்குக் கொண்டுவந்தார். முன்னறைதான் அவளுடைய தையல் கடை. ஜன்னலை ஒட்டி மிஷின். மிஷினுக்கு எதிரே அந்தத் தராசு குடியேறியது. தைத்து முடித்த துணியை அவள் அதன்மேல்தான் அடுக்குவாள். துணி அடுக்க அடுக்க எண் ஏறுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

அது எப்படி எண்ணைக் காட்டுகிறது என்று ஒருநாள் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் தையல் நின்றது. தட்டைக் கழற்றி அடியில் இருந்த அலுமினியக் கட்டையைக் காட்டினார். அதன் முதுகில் மயிரிழை போலக் கம்பி ஒட்டியிருந்தது. மேலே பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் துளி வளையும். கம்பி கூடவே இழுபடும். இழுபட்ட கம்பிக்குள் மின்சாரம் போகக் கொஞ்சம் கஷ்டப்படும். அந்தக் கஷ்டத்தைத்தான் பெட்டி எண்ணாக மாற்றுகிறது.

"அப்ப உங்க தராசும் இழுபட்டுத்தான் பேசுது. என் டேப்ப மட்டும் கேலி பண்றீங்க."

"இது இழுபட்டாலும் பழைய எடத்துக்குத் திரும்பி வரும். உன் டேப்பு வருமா? துணி டேப்பு அளவு இல்லம்மா, ஆறுதல்."

இருபத்தாறு வருஷமாக அவள் கழுத்தில் கிடக்கிற மஞ்சள் டேப்பை அவர் கேலி செய்யாத நாள் கிடையாது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் கேலியும் நாள்பட நாள்பட உள்ளே போய் உட்காரும் என்பதை அந்த மழைக்காலத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தராசுக்குப் பரீட்சை. நான்கு எடைக்கல், ஒவ்வொன்றும் இருபது கிலோ. பாரம் தூக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அதனால் அவள் தம்பி வருவான். நாற்பது வயது, வேன் ஓட்டுகிறவன். மாமாவுடைய சாமான்களையும் மாமாவையும் வேலைக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடுவதும் அவன்தான்.

"மெல்ல வை மாப்ள. மூலைல ஒண்ணு, மூலைல ஒண்ணு. நாலு மூலைலயும் ஒரே எண்ணு வரணும்."

"எனக்கு இடுப்பு நாலு மூலைலயும் வலிக்குது மாமா."

"எண்பது காட்டுதா?"

"எண்பதேதான். இத வாராவாரம் பாக்கணுமா? போன வாரமும் எண்பதுதான் இருந்துச்சு."

"போன வாரம் சரியா இருந்தவன் இந்த வாரமும் சரியா இருப்பான்னு யாரு சொன்னா?" என்றார். அப்படியே ஒரு கதைக்குள் போனார். ஒரு தானியக் கிடங்கில் தராசு தப்புக் காட்டுகிறது என்று கூப்பிட்டார்களாம். மூட்டைக்கு ஐம்பது கிலோ சரியாக இருக்கிறது, பிரித்துக் காயவைத்தால் நாற்பத்தேழுதான் வருகிறது என்று சண்டை. "நான் அரை நாள் தராசப் பிரிச்சுப் பாத்தேன். தங்கம் மாதிரி இருக்கு. அப்புறம் மூட்டைக்குள்ள கைய விட்டேன். ஈரம். எவனோ மூணு கிலோ தானியத்த எடுத்துட்டு மூணு கிலோ தண்ணியத் தெளிச்சிருக்கான். தராசு என்ன பண்ணும்? ஏத்தினத நிறுக்கும். உள்ள கைய விட்டுப் பாக்கவேண்டியது நம்ம வேலை."

தம்பி இந்தக் கதையை ஏழாவது தடவையாகக் கேட்டான். அவள் பித்தானுக்குக் காஜா போட்டபடி எட்டாவது தடவையாகக் கேட்டாள்.

அந்த வருஷம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. தெருவில் குடைகளும் தண்ணீர் வாரியடிக்கிற வண்டிகளும்தான். தைக்கக் கொடுத்தவர்கள் துணி வாங்க வரவில்லை. தராசுக்காரருக்குப் பசி குறைந்தது. உப்பில்லாத அவித்த கிழங்கில் எலுமிச்சை பிழிந்து மிளகு தூவி அவள் வைப்பாள். முன்பெல்லாம் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவர், இப்போது நாலு வாய் எடுத்ததும் கையை மடக்கிவிடுவார்.

"ஏங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வயிறு ரொம்பிப் போச்சு."

"எதத் தின்னு ரொம்பிச்சு?"

"மழைல யாருக்கும்மா பசிக்குது."

மத்தியானம் கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். முதுகு வலி என்றார். ஆனால் காலையில் தராசு எழுபத்திரண்டு நானூறு என்றது. மறுநாள் எழுபத்திரண்டு முன்னூற்று எண்பது. அதற்கு மறுநாள் மீண்டும் நானூறு. அட்டையில் எழுதும்போது அவள் மனம் ஆறும். எண் சரியாக இருக்கிறது, பிறகென்ன.

குளிருக்கு அவருக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைக்கலாம் என்று துணி எடுத்தாள். அவருடைய அளவு அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் அளவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள். தோள் பதினெட்டு, கைச்சுற்று பதிமூன்று, வயிறு முப்பத்தாறு. பத்து மாதத்துக்கு முன்னால் எடுத்த அளவு. எடை நூறு கிராம்கூட மாறாத மனிதருக்குப் புதிதாக அளக்க என்ன இருக்கிறது? வெட்டினாள், தைத்தாள், ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொன்னாள்.

தோள் இறங்கித் தொங்கியது. கழுத்தில் இரண்டு விரல் போயிற்று. கை, கம்பில் மாட்டிய துணி மாதிரி ஆடியது. ஆனால் வயிற்றுக்கு நேராக இருந்த பித்தான் காஜாவை எட்டவில்லை.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. கத்தரி பிடித்த நாள் முதல் இப்படி வெட்டியதில்லை. "நூல் பிரிஞ்சிருக்கு, கழட்டுங்க" என்று சொல்லிச் சட்டையை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். கண் மங்கிவிட்டதோ, துணியைக் கோணலாகப் போட்டுவிட்டேனோ என்று குழம்பி, அவர் வெளியே போன நேரம் பார்த்துத் தையலைப் பிரித்தாள். தோளைப் பிடித்தாள். உள்தையலில் விட்டிருந்த துணியை வயிற்றுப் பக்கம் தளர்த்தினாள். நான்கு நாள் கழித்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். தோள் இன்னும் இறங்கியது, வயிறு இன்னும் பிடித்தது. மறுபடி பிரித்தாள். மூன்றாவது தடவை பிரிக்கும்போதுதான் அவள் கை நின்றது. ஒரு தடவை தப்பாக வெட்டலாம். ஆனால் வெட்டி முடித்த சட்டை நாலு நாளில் தானாக மாறாது.

அன்று மத்தியானம் அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, தூக்கம் கலையாமல் அவர் மேல்கையைச் சுற்றினாள். பதினொன்றரை. இன்னொரு தடவை சுற்றினாள். பதினொன்றரைதான். வயிற்றுக்கு நாற்காலிக்குப் பின்னால் கையை விட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது. குனிந்து காலைப் பார்த்தாள். காலுறையின் வாய் பதிந்த இடத்தில் கயிறு கட்டிய மாதிரி ஒரு பள்ளம்.

அவர் கண் விழித்தபோது அவள் தரையில் உட்கார்ந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஏங்க, நர்ஸம்மாக்கு ஒரு போன் போடலாமா?"

"எதுக்கு?"

"சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்னு."

"என்னன்னு கேப்ப? எடை ஏறவே மாட்டேங்குதுன்னு புகார் குடுப்பியா?"

அப்போதுதான் தம்பி நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான். மறுநாள் காலை கிடங்கின் எடைமேடைக்குப் போக வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பரிசோதனை. மேடைக்கு அடியில் ஆள் இறங்குகிற குழி உண்டு. அதில் முட்டிபோட்டுப் போய் ஒவ்வொரு தாங்கியாகப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"ஏழு மணிக்கு வந்துடு மாப்ள" என்றார்.

"அவர் வரல" என்றாள் அவள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவருக்காக இன்னொருத்தரிடம் பதில் சொன்னதில்லை.

"ஏன் வரல?"

"கை பதிமூணு இருந்தது பதினொன்னரை ஆயிருக்கு. வயிறு முப்பத்தாறு இருந்தது முப்பத்தொம்பது ஆயிருக்கு."

"எதுல அளந்த?" என்று கேட்டவர், அவள் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மஞ்ச டேப்புலயா? ஏம்மா, என் தராச வாராவாரம் எண்பது கிலோ வச்சுப் பாக்கறோம். இருபது கிராம் தப்பினா எனக்குத் தெரியும். இது இழுபட்டு இழுபட்டு வாழைநார் மாதிரி கெடக்கு. இத நம்பி நான் எடைமேடைய விட்டுட்டு ஆஸ்பத்திரில போய் உக்காரணுமா?"

"அக்கா சொல்றதுல ஏதோ இருக்கும் மாமா."

"நீ பொறந்ததுலேருந்து அக்கா கட்சிதான். சும்மா இரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு நேரமில்லை என்பது போல இருந்தது. மெதுவாகக் கேட்டாள். "சரி, இழுபட்டதுன்னே வைங்க. இழுபட்ட டேப்பு எப்படிக் காட்டும்?"

எந்த நிலையிலும் ஒன்றை விளக்கச் சொன்னால் அவரால் விளக்காமல் இருக்க முடியாது. "குறைச்சுக் காட்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எடம் அகலமாயிடுதுல்ல? பன்னெண்டு இருக்கிற எடத்துல பதினொன்னே முக்கால்னு சொல்லும்."

"எல்லாத்தையும் குறைச்சுக் காட்டுமா?"

"எல்லாத்தையும்தான். அதுக்குக் கையின்னும் வயிறுன்னும் தெரியுமா?"

"அப்ப வயிறு எப்படிங்க கூடுச்சு?"

தம்பி நனைந்த துண்டால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஒரே டேப்பு," என்றாள் அவள். "கை இளைக்குது, வயிறு பெருக்குது. எடை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நீங்களே சொல்லுவீங்கல்ல, அந்தக் கிடங்குல தராசு தங்கம் மாதிரி இருந்துச்சு, மூட்டைதான் ஈரம்னு. உள்ள கைய விட்டுப் பாக்கணும்னு. நான் கைய விட்டுப் பாத்துட்டேன்."

அவர் தராசைப் பார்த்தார். பிறகு குனிந்து, காலுறையை இறக்கிவிட்டு, கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நர்ஸம்மா முதல் மாதமே கற்றுக்கொடுத்தது அது. எடை சரியாக இருந்ததால் அவர் செய்து பார்த்தே வெகு நாளாகிவிட்டது. விரலை எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. தராசின் முள் அடங்கக் காத்திருக்கிறவர் போல அவர் வாய்க்குள் எண்ணினார். பதினைந்து எண்ணியும் பள்ளம் நிரம்பவில்லை.

"போன் போடு" என்றார்.

நர்ஸம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எடை ஏறவில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "ஏறாம இருக்கறதுதான் சந்தேகம். சாப்பாடு எப்படி? படுத்துத் தூங்கறாரா, உக்காந்தா?" என்று கேட்டார். பதில் முடிவதற்குள், "இப்பவே கூட்டிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார்.

வேனில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நடுவில் அவள், அந்தப் பக்கம் ஓட்டுகிற தம்பி. எடுத்துவந்த முழுக்கைச் சட்டையை அவர் தோளில் போர்த்திவிட்டாள். அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஓரத்தைத் தடவினார்.

"இது என்ன, தையல் பிரிச்சுப் பிரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு?"

"ரெண்டு தடவ பிரிச்சேன். மூணாவதுக்குப் பாதியில இருக்கு."

"சொல்லவே இல்லையே."

"நான்தான் தப்பா வெட்டிட்டேன்னு நெனச்சேன். உங்க தராசு சரின்னு சொல்லும்போது நான் எப்படிங்க சரியா இருப்பேன்."

கண்ணாடி துடைப்பான் மழையை வழித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு தெரு தாண்டியபிறகு அவர் கை, சட்டைக்கு அடியிலிருந்து வந்து அவள் மடியில் கிடந்த டேப்பின் மேல் இருந்தது. அதை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் பகல் அறை என்று ஒன்று இருந்தது. காலையில் வந்து நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலின் அடியில் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் தாமதமாகவில்லை என்றார். முதல் ஊசியை அன்று மாலையே போட்டு, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் வரச்சொல்லி அனுப்பினார்கள். மருந்து சிறுநீரகத்தைத் தட்டி எழுப்பும், தேங்கின நீரெல்லாம் வெளியே போகும் என்று நர்ஸம்மா விளக்கினார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடல்லயும் நீர் கோத்துக்கும். அதான் நாலு வாய்ல வயிறு ரொம்பின மாதிரி இருந்துச்சு. சாப்பிடாததால சதை கரைஞ்சுது. சதை எறங்கின அளவுக்கு நீர் ஏறிடுச்சு. ரெண்டும் சரிக்குச் சரி. பாவம், தராசு என்ன பண்ணும்."

"அப்ப தராசு மேல தப்பில்ல" என்றார் அவர்.

"தராசு மேல இல்ல. உங்க மேலதான்" என்றாள் அவள்.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "எடைமேடைக் குழிக்குள்ள எறங்கப் போனாராமே, உங்க தம்பி சொன்னார். எறங்கியிருந்தா ஏறி வந்திருக்க மாட்டார்மா." சிரிப்பு மாறாமல்தான் சொன்னார். ஆனால் தராசுக்காரர் அதன்பிறகு வெகுநேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளும் காலையில் தராசு ஒரு புதுக் கதை சொன்னது. எழுபத்தொன்று நூறு. அறுபத்தொன்பது அறுநூறு. அறுபத்தெட்டு எண்ணூறு. நான்காம் நாள் அறுபத்தெட்டு இருநூறு. நாலு கிலோவுக்கு மேல் போய்விட்டது. "பச்சை பாட்டில்ல கிட்டத்தட்ட மூணு பாட்டில் தண்ணிய நான் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்திருக்கேன்" என்று அவர் வியந்தார். அன்று மத்தியானம் கட்டிலில், ஒரே தலையணையில், மல்லாந்து தூங்கினார். அவள் மிஷினை ஓட்டாமல் வாசற்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதர் படுத்துத் தூங்குவதைப் பார்க்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இரண்டாவது மணியில் போனை எடுத்த கை, மருந்து ஏறிய நரம்பு, பிரித்த தையல், காஜாவை எட்டாத அந்தப் பித்தான் என்று ஒவ்வொன்றையும் மனதில் எடுத்து வைத்து நன்றி சொன்னாள். யாரிடம் என்று யோசிக்கவில்லை.

சரியான எடை இனி அறுபத்தெட்டு என்று நர்ஸம்மா எழுதிக்கொடுத்தார். தினமும் எடை, வாரம் ஒருமுறை டேப். கைச்சுற்று, வயிறு, கணுக்கால் மூன்றையும் எழுத வேண்டும். டேப்பை ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கத்தில் பிடிப்பது எப்படி என்று அவளிடமே செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். "ஒரு விரல் உள்ள போகணும். ரெண்டாவது விரல் போகக்கூடாது" என்றாள் அவள். நர்ஸம்மா அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த கையோடு தராசுக்காரர் தன் இரும்பு அளவுகோலை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். டேப்பை அதன்மேல் நீட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நான் சொன்னேன்ல. முப்பத்தாறு அங்குலத்துக்குக் கால் அங்குலம் இழுபட்டிருக்கு."

"நாளைக்குப் புதுசு வாங்கிடறேன்."

"வேணாம். மாத்தாத." அவர் டேப்பைச் சுருட்டி அவள் கழுத்தில் தாமே போட்டுவிட்டார். "தப்புதான். ஆனா தினமும் ஒரே தப்பு. ஒரே தப்பத் திரும்பத் திரும்பப் பண்ற தராச வச்சுக் கடை நடத்தலாம். நாளுக்கொரு தப்புப் பண்றதுதான் கவுத்துவிடும்."

எடைமேடை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. குழிக்குள் தம்பி இறங்கினான். மேலே நாற்காலி போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மாமா சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, தவளை ஒண்ணு தாங்கி மேல உக்காந்திருக்கு. இதையும் கழிக்கணுமா?" திரும்பி வந்து தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது இருமல் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

சாப்பாடு ஆறு வேளையாயிற்று. சின்னத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக. காலையில் அவித்த முட்டை, அப்புறம் பயறு, அப்புறம் மீன், நடுவில் ரொட்டியும் பழமும். "கோழிக்குத் தீனி போடற மாதிரி போடற" என்று அவர் முனகுவார். முனகிக்கொண்டே தட்டைக் காலி செய்வார். சுவரில் அட்டை நிரம்பி, அடுத்த அட்டை வந்தது. அதில் இப்போது நான்கு கட்டம். முதல் கட்டத்தில் எழுபதும் இல்லை, எழுபத்திரண்டும் இல்லை. அறுபத்தெட்டை ஒட்டிய எண்கள். இரண்டாவது கட்டத்தில் அவள் எழுத்து. பதினொன்றரை, பதினொன்றரை, பதினொன்றரை. இறங்கிய சதை திரும்பி வராமலும் போகலாம், மேலும் இறங்காமல் இருந்தாலே நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மழை விட்டு, வெயில் ஜன்னல் வழியாக மிஷின் வரை வரத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் தராசிலிருந்து இறங்கி, வழக்கம்போல இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அவள் டேப்பைச் சுற்றி ஒரு விரலை உள்ளே விட்டாள். இரண்டாவது விரலை வைத்துப் பார்த்தாள், போகவில்லை. எண்ணைப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

"என்ன, எண்ணு மறந்துடுச்சா?"

"பதினொன்னே முக்கால்" என்றாள்.

அவள் அவசரமாக, தானே முந்திக்கொண்டு சொன்னாள். "கால் அங்குலம் தானே. டேப்பு இன்னும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். சந்தோஷப்படறதுக்கு முன்னாடி..."

"இழுபட்டா குறைச்சுத்தான் காட்டும்" என்றார் தராசுக்காரர். "கூடக் காட்டாது."

பென்சிலை அவளிடமிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டாவது கட்டத்தில் அந்த எண்ணை அவரே எழுதினார்.